மும்முறைப் பூட்டு

கோதண்டபாணி கோபக்காரர் இல்லை, சத்தக்காரர். தியாகராய நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் கம்பெனி நடத்துகிறவர் வேறு எப்படி இருக்க முடியும்? கீழே எவர்சில்வர் குடங்களை இறக்குகிற ஓசைக்கு மேலே பேசிப் பேசியே அவருக்கு அந்தத் தொண்டை அமைந்துவிட்டது. 1998 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, அந்தத் தொண்டை மஹ்விஷின் பக்கம் திரும்பியது.

"டெஸ் போடுன்னா போட வேண்டியதுதானே? உலகத்துல இருக்கிற பேங்க் எல்லாம் அதைத்தான் போடுது. நீ இன்னாமா புதுசா கண்டுபிடிச்சிட்ட?"

"போன மாசம் அமெரிக்காவுல அதை உடைச்சுட்டாங்க சார். அம்பத்தாறே மணி நேரத்துல." மஹ்விஷ் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த காகிதத்தை அவர் மேஜைமேல் வைத்தாள்.

டெஸ் என்பது பூட்டுதான், ஆனால் இரும்புப் பூட்டு இல்லை. எழுத்துகளை எட்டெட்டாக வெட்டி, ஒரு சாவியை வைத்து, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாதபடி குழப்பிப் போடுகிற கணக்கு. அதே சாவியைப் போட்டால்தான் எழுத்துகள் பழையபடி திரும்பும். மொத்தம் எழுநூறு கோடி கோடிக்கு மேல் சாவிகள். அத்தனையையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது என்று இருபது வருஷமாக உலகம் நிம்மதியாகத் தூங்கியது. யாரோ அதற்கென்றே ஒரு மெஷினைக் கட்டிப் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

"மெஷின் இன்னா விலை?"

"ரெண்டரை லட்சம் டாலர் சார்."

கோதண்டபாணி சிரித்த சிரிப்பு கீழே பாத்திரக் கடைக்குக் கேட்டிருக்கும். "ஒரு கோடி ரூபா! ஒரு கோடி செலவு பண்ணி, மந்தைவெளி மாமாவுக்கு சர்க்கரை எவ்ளோன்னு கண்டுபிடிக்கப் போறானா ஒருத்தன்?"

"இன்னிக்கு ஒரு கோடி. பத்து வருஷம் போனா ரிச்சி தெருவுல வாங்குற சாதா கம்ப்யூட்டரே போதும் சார். தெருமுனை டெலிபோன் பெட்டியைத் திறந்து, லைன்ல போறதை ஒருத்தன் இன்னிக்குப் பிடிச்சு வெச்சிக்கினா, அப்போ நிதானமா உட்கார்ந்து படிப்பான். ரத்தத்துல இருக்கிறது பத்து வருஷத்துல பழசாயிடுமா?"

வேலை என்னவென்றால், டாக்டர் அபயாம்பாளின் ரத்தப் பரிசோதனை லேபுக்கு மயிலாப்பூர், தி. நகர், அடையாறு, கிண்டி என்று நாலு கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் வருகிற முடிவுகளை நண்பகலில் டெலிபோன் வழியாக கிண்டி தலைமை லேபுக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் பூட்ட வேண்டும். அந்தப் புரோகிராமை எழுதுகிறவள் மஹ்விஷ். இருபத்தேழு வயது, நாலு வருஷ அனுபவம். பிடிவாதம் மட்டும் பிறவியிலேயே வந்தது.

அவள் ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் அந்த அமெரிக்கக் காகிதம் இல்லை. காரணத்தின் பெயர் கமர் ஜஹான். அவளுடைய அக்கா.

அக்காவின் கணவர் போன ரம்ஜானுக்கு முன்னால் இறந்துபோனார். ஊருக்கு டி.பி. என்று சொன்னார்கள். அவரை அரித்தது எய்ட்ஸ் என்பது அக்காவுக்கும் தங்கைக்கும் மட்டும்தான் தெரியும். அக்காவுக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. கச்சேரி சாலையில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம்; மயிலாப்பூர் லேபில் காலை வைத்தால் எதிரில் வருகிற நாலு பேரில் மூன்று பேர் சலாம் சொல்வார்கள். அதனால் அக்கா பஸ் ஏறி அடையாறு கிளைக்குப் போவாள். மஹ்விஷ் உள்ளே போகாமல் பஸ் டிப்போ வாசலில் நிற்பாள். அக்கா பள்ளிக்கூட டீச்சர், இரண்டாம் வகுப்பு. ஒரு வரி வெளியே வந்தால் போதும், அந்த வேலை அன்று மாலையே போய்விடும், வீட்டுச் சொந்தக்காரர் சாவியைக் கேட்பார், அம்மா படுத்த படுக்கையாகிவிடுவாள். அந்த ஒரு வரிதான் இனிமேல் மஹ்விஷ் எழுதுகிற புரோகிராம் வழியாகப் போகப் போகிறது.

இதை அவள் ஆபீசில் யாரிடம் சொல்ல முடியும்? சொல்லாமல் காப்பதற்குத்தானே இவ்வளவு சண்டை.

கடைசியில் கோதண்டபாணியே ஒரு வழி சொன்னார். "சரி, வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு மயிலாப்பூர் கிளையில டாக்டரம்மா முன்னாடி ஓட்டிக் காட்டணும். அங்க இருக்கிறது ஒரே ஒரு பழைய 386 கம்ப்யூட்டர். பூட்டுற வரைக்கும் அதுல ரசீது போட முடியாது, கவுன்ட்டர்ல ஜனம் நிக்கும். ரெண்டு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா வேணாம்னு அந்தம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. உன் பூட்டு அதுக்குள்ள முடிஞ்சா உன் பூட்டு. இல்லேன்னா டெஸ். அப்புறம் நீ வாயே திறக்கக் கூடாது, ஆமா."

"சரி சார்" என்றாள் மஹ்விஷ், யோசிக்காமலே.

யோசிக்க மூன்று நாள் இருந்தது. அவளிடம் இரண்டு மாற்று இருந்தன. ஒன்று டிரிபிள் டெஸ்: அதே பழைய டெஸ்ஸை வேறு வேறு சாவிகளால் மூன்று தடவை போடுவது. அந்த அமெரிக்க மெஷினை யுகக்கணக்கில் ஓட்டினாலும் திறக்காது, ஆனால் மூன்று மடங்கு நேரம் தின்னும். இன்னொன்று புளோஃபிஷ்: ஐந்து வருஷத்துக்கு முன் வந்த புதுப் பூட்டு, நீளமான சாவி, வேகத்துக்குப் பேர்போனது.

"மீன் பேரு வெச்ச பூட்டா? நம்ம பாஸ் அதுக்கே முகத்தைச் சுளிப்பார்" என்றான் அடுத்த மேஜை கிரீஷ். வடக்கு மாட வீதிப் பையன். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். ஆபீசின் மூலையில் கிடந்த பழைய 386-ஐத் தூசி தட்டி எடுத்து வைத்ததும் அவன்தான்.

சோதித்துப் பார்க்கப் பெரிய கோப்பு ஒன்று வேண்டுமே? லேபின் கோப்புகளைக் கேட்கக் கூடாது, கேட்டால் பூட்டுக்கே அர்த்தம் இல்லை. கிரீஷ் தலையைச் சொறிந்தான். குளக்கரை அச்சகம் ஒன்றுக்காக வரப்போகிற பிரமாதி வருஷப் பஞ்சாங்கத்தை அவன் முழுக்க டைப் செய்து முடித்திருந்தான்.

"என் பஞ்சாங்கத்தை எடுத்துக்கோயேன். ஆறு லட்சம் எழுத்து இருக்கு. ராத்திரி பகலா அடிச்சிண்டு இருந்தேன், ஆத்துல அப்பா திட்டிண்டே இருந்தார்."

ராகு காலம், எமகண்டம், முகூர்த்த நாள் எல்லாவற்றையும் மூன்று பூட்டாலும் பூட்டிப் பார்த்தார்கள். டெஸ் ஐம்பது விநாடி. டிரிபிள் டெஸ் இரண்டரை நிமிஷம். புளோஃபிஷ் இருபத்தோரே விநாடி! மஹ்விஷ் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். பத்திரமும் கூடுதல், வேகமும் கூடுதல். இனிமேல் பாஸ் என்ன பேச முடியும்? டிரிபிள் டெஸ்ஸை அந்த நிமிஷமே கழித்துக் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி. மயிலாப்பூர் கிளையின் கவுன்ட்டருக்கு முன்னால் இருபது பேர். டாக்டர் அபயாம்பாள் கையில் கடிகாரத்தோடு நின்றார். ஐம்பது வயதுக்காரர், அனாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். கோதண்டபாணி பின்னால் கைகட்டிக்கொண்டு நின்றார்.

"ஒரு முடிவுக்கு ஒரு வரி, மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரி" என்றார் டாக்டர். "ஆரம்பிம்மா."

மஹ்விஷ் விசையைத் தட்டினாள். பெயர்கள் திரையில் ஓடக் கூடாது என்பதால் வரி எண்ணும் அதன் நீளமும் அதற்குப் பிடித்த நேரமும் மட்டுமே தெரியும்படி எழுதியிருந்தாள். எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்ந்தது. நகர்ந்தது என்றா சொன்னேன்? ஊர்ந்தது. ஒரு நிமிஷம் முடிந்தபோது நானூறுகூட ஆகவில்லை.

இரண்டு நிமிஷம் ஆயிற்று. எண்ணூறு.

"இன்னாமா, மிசினு படுத்துக்கிச்சா?" கவுன்ட்டருக்கு வெளியே இருந்து ஓர் ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார். "வெறும் வயித்துல காலையிலேருந்து நின்னுகினுகீறேன். சவாரி போச்சு, மயக்கம்தான் பாக்கி."

"அவருக்கு முதல்ல ஒரு நாற்காலி போடுங்கோ" என்றார் டாக்டர் நர்ஸிடம். மஹ்விஷைப் பார்க்கவே இல்லை. அதுதான் அதிகம் வலித்தது.

நாலு நிமிஷம் நாற்பத்தைந்து விநாடியில் முடிந்தது. கோதண்டபாணி தொண்டையைச் செருமினார். ஜெயித்த சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். "நான் அன்னிக்கே சொன்னேன் டாக்டர். குழந்தை ஆசைப்பட்டுச்சு, விட்டுப் பார்த்தேன். டெஸ்ஸையே போட்டுடலாம்."

"போட்டுடுங்கோ. எனக்கு வேலை நடக்கணும்" என்றார் டாக்டர்.

ஆயிற்று, எல்லாம் முடிந்தது. இந்த இடத்தில் மஹ்விஷ் வாயைத் திறந்து, 'டாக்டர், அடையாறுல உங்ககிட்ட வர்ற டீச்சர் என் அக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டாக்டரின் மனசு இளகியிருக்கும். அது அவளுக்குத் தெரியும். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அக்காவின் ரகசியத்தைக் காப்பதற்காக அக்காவின் ரகசியத்தையே செலவழிப்பதா? சீ என்று இருந்தது அவளுக்கு. அழுகை முட்டியது. அழுதால் தோற்றதாக ஆகிவிடும் என்று அதையும் விழுங்கினாள்.

விழுங்கிவிட்டுத் திரையைப் பார்த்தாள். கடைசி இருபது வரிகள் அப்படியே நின்றன, நீளமும் பிடித்த நேரமும் பக்கத்தில் பக்கத்தில். பன்னிரண்டு எழுத்து வரி ஒன்று. அதற்கு அடுத்தது முந்நூறு எழுத்து, டாக்டரின் குறிப்பு சேர்ந்த வரி. இரண்டுக்கும் பிடித்த நேரம் கிட்டத்தட்ட ஒன்றே. அது எப்படி? இருபத்தைந்து மடங்கு பெரிய வரிக்கு அதே நேரமா?

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நேரம் பூட்டுவதில் போகவில்லை, சாவி செய்வதில் போகிறது!

இந்த லேபில் ஒரு வழக்கம் உண்டு. சர்க்கரை பார்க்கிறவருக்குச் சிறுநீரக முடிவு தெரியக் கூடாது, அதைப் பார்க்கிறவருக்கு மற்றது தெரியக் கூடாது. அதனால் ஒவ்வொரு வரிக்கும் தனிச் சாவி. டாக்டர் போட்ட விதி. புளோஃபிஷ் ஒவ்வொரு புதுச் சாவிக்கும் ஒரு பெரிய அட்டவணையையே புதிதாகக் கட்டிக்கொள்ளும். கட்டி முடித்த பிறகுதான் குதிரை ஓட்டம். ஆறு லட்சம் எழுத்துப் பஞ்சாங்கம் முழுவதற்கும் ஒரே சாவி, ஒரே தடவை கட்டினால் போதும். இங்கேயோ நூறு எழுத்து வரிக்காக ஆயிரத்துத் தொள்ளாயிரம் தடவை கட்டிக்கொண்டிருக்கிறது. கல்யாணப் பந்தலைப் போட்டு, ஒரே ஒருத்தருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, பந்தலைப் பிரித்து மறுபடி போட்டால் எப்படி இருக்கும்?

பஞ்சாங்கத்தைப் பூட்டி லேபை அளந்திருக்கிறாள்! தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"தப்பு என்னுது டாக்டர்" என்றாள் சத்தமாக. கோதண்டபாணியே திரும்பிப் பார்த்தார். "ஆபீஸ்ல ஒரே சாவி போட்டு அளந்துட்டேன். இங்க வரிக்கு ஒரு சாவி. அதை மறந்தது என் மடத்தனம். ஆனா அதே கணக்குப்படி பார்த்தா நான் ஒதுக்கி வெச்ச பூட்டு இங்க வேகமா ஓடணும். டெஸ்ஸுக்குச் சாவி செய்ய நேரமே ஆகாது. மூணு தடவை போட்டாலும் வரி சின்னதுதான். ஜனம் குறைஞ்சதும் இன்னொரு தடவை ஓட்டிக் காட்டறேன். ஒரே ஒரு தடவை."

"அதான் பார்த்தாச்சே விடுமா" என்றார் கோதண்டபாணி.

டாக்டர் கையமர்த்தினார். தப்பு என்னுது என்று யாராவது சொல்லி அவர் கேட்டு ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். "ஒரு மணிக்கு. அதுக்கு மேல கேக்கப்படாது."

மஹ்விஷ் கவுன்ட்டர் டெலிபோனில் கிரீஷைக் கூப்பிட்டாள். அளந்து பார்த்த மூன்று பூட்டும் அவனிடம் இருந்த ஃபிளாப்பியில் இருந்தன. "அப்பவே தூக்கிப் போட்டுடுன்னியே, நல்லவேளை போடலை" என்று சொல்லிக்கொண்டே, பன்னிரண்டு ஐம்பதுக்கெல்லாம் வேர்க்க விறுவிறுக்க ஸ்கூட்டரில் வந்து இறங்கினான்.

ஒரு மணிக்குக் கவுன்ட்டரில் நாலே பேர். ஆட்டோக்காரர் ரத்தம் கொடுத்துவிட்டு, மெஷின் எழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவதற்காகவே நின்றார்.

முதலில் டெஸ்ஸை ஓட்டினாள். அதே ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரி. இருபத்திரண்டு விநாடி. கோதண்டபாணியின் மீசை துடித்தது. அடுத்து டிரிபிள் டெஸ். எண்கள் ஓடின, இந்தத் தடவை நிஜமாகவே ஓடின. முந்நூறு, எழுநூறு, ஆயிரத்து இருநூறு.

"ஒரு நிமிஷம் ஆறு விநாடி" என்றார் டாக்டர்.

"எழுந்துக்கிச்சுபா!" என்றார் ஆட்டோக்காரர் வாசலிலிருந்து.

"இருங்க இருங்க" என்றார் கோதண்டபாணி. "இருபத்திரண்டு எங்க, அறுபத்தாறு எங்க? மூணு மடங்கு டாக்டர்! எது வேகம்னு பார்த்தா டெஸ்தானே?"

"நீங்க கேட்டது ரெண்டு நிமிஷம் சார். எது வேகம்னு டாக்டர் கேக்கவே இல்ல" என்றாள் மஹ்விஷ். "ரெண்டு நிமிஷத்துக்குள்ள எது கெட்டியோ அதுதான் வேணும். ஒத்தை டெஸ்ஸை உடைச்சு ஒரு மாசம் ஆகுது. மூணு தடவை போட்டதை உடைச்சவங்க யாரும் இல்ல. புளோஃபிஷ் வந்து அஞ்சு வருஷம்தான், டெஸ்ஸை இருபது வருஷமா எல்லாரும் அடிச்சுப் பார்த்தாச்சு; அதுல குறை சாவி சின்னதுங்கிறது ஒண்ணுதான். அந்தக் குறையும் இதுல போயிடுது. கவுன்ட்டர்ல இருக்கிறவங்க கூடுதலா நாப்பத்துநாலு விநாடி நிக்கணும், அவ்ளோதான் விலை. வாசல்ல இருக்கிறவரையே கேளுங்க டாக்டர், அவர் பேரை யாரும் படிக்காம இருக்க நாப்பத்துநாலு விநாடி நிப்பாரான்னு."

"இன்னாத்துக்குக் கேக்கணும்? நிப்பேன்மா" என்றார் ஆட்டோக்காரர்.

டாக்டர் அபயாம்பாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை, அன்றும் சிரிக்கவில்லை. ஒப்பந்தக் காகிதத்தில் டெஸ் என்று இருந்த இடத்தில் பேனாவால் 'மூன்று முறை' என்று சேர்த்து எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கிரீஷ் ஸ்கூட்டரில் முன்னால் போய்விட்டான். கோதண்டபாணி லஸ் முனையில் ஒரு கரும்புச் சாறு வண்டிக்காரரிடம் நின்று இரண்டு சொல்லிவிட்டு, மஹ்விஷைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் குரல் தணிந்திருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காத. எனக்கும் உன் வயசுல ஒரு பொண்ணு இருக்கா. வேலைக்காக யாரும் இப்படித் தலைகீழா நிக்க மாட்டாங்க. உனக்கு வேண்டப்பட்டவங்க யாராச்சும் அந்த லேப்ல, வெளியில சொல்ல முடியாத வியாதியோட இருக்காங்களாமா? இருந்தா சொல்லு. மருந்து எல்லாம் விலை ஜாஸ்தி. நான் டாக்டரம்மாகிட்ட பேசறேன், என்னால ஆனதைச் செய்யறேன்."

கத்தியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பாள். இது கத்தல் இல்லையே. அக்காவின் மருந்துக்கு அக்காவின் சம்பளமும் போதவில்லை, இவள் சம்பளமும் சேர்த்துப் போதவில்லை. எத்தனை மாசமாக இரண்டு பேரும் இதை யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருக்கிறார்கள்! சொல்லிவிடலாம். நல்ல மனுஷர். யாராவது ஒருத்தரிடம் சொல்லி அழுதால்தான் என்ன?

வண்டிக்காரர் டம்ளரை நீட்டினார். மஹ்விஷ் வாங்கிக்கொண்டாள்.

"யாரும் இல்ல சார்" என்றாள்.

"நிஜமா?"

"நிஜமா சார்."

"அப்பாடா!" கோதண்டபாணி நெஞ்சில் கைவைத்து வாய்விட்டுச் சிரித்தார். தொண்டை பழையபடி திரும்பிவிட்டது. "ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன்மா. நம்ம ஆபீஸ்ல எல்லாரும் ஒரே பானையில தண்ணி குடிக்கிறோம், ஒரே கீபோர்டுல கை வெக்கிறோம். நாளைக்கு நாலு பேருக்குத் தெரிஞ்சா எவன் வேலைக்கு வருவான், சொல்லு? உன்னையே வெச்சிக்க முடியாம போயிருக்கும்."

அவர் கெட்டவர் இல்லை. மனசில் இருந்ததை அப்படியே சொன்னார், அவ்வளவுதான். மஹ்விஷ் சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை வண்டியில் வைத்தாள்.

"அடையாறு கிளைக்கு நாளைக்குக் காலையிலேயே போய்ப் போட்டுடறேன் சார்."

"சனிக்கிழமை எதுக்குமா? திங்கக்கிழமை போனா ஆகாதா?"

"ஆகாது சார். நாளைக்கே" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.